தலையெண்ண வந்தவர்

தேயிலைத் தோட்டத்தில் இலை எடை போடும் கொட்டகைக்கென்று ஒரு வாசனை உண்டு. பறித்த இலையின் பச்சை வாசனை, நனைந்த சாக்கு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்த்த புகையிலை எல்லாம் கலந்த வாசனை.

அன்று மத்தியானம் பெண்கள் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் என்மேல் இருந்தது. என் மனைவி பகவதி எனக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்."

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். நான் ஆபீஸர் இல்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லாவிட்டால் அவளுடைய எம்.ஏ. படிப்பு அந்த மலையிலேயே நின்றுவிடும். எனக்கோ நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லை.

அங்கே போய் அப்படி நின்ற கதையைச் சொல்கிறேன்.

ஒரே மேசையில் இரண்டு மாணவிகள்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்து, பாத்திர மொத்தக் கடையில் பில் எழுத உட்கார்ந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. தமிழில் படித்தவன். பகவதி திருவனந்தபுரத்திலேயே பிறந்து, மலையாளத்தில் பள்ளிக்கூடம் முடித்து, பி.ஏ. வாங்கி, பரீட்சை எழுதி செக்ரட்டேரியட்டில் வேலைக்குப் போனவள். வீட்டில் தமிழ் பேசுவாள். தமிழ் வாசிக்கச் சொன்னால் எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் மழைக்குப் பிறகு நடப்பதுபோலக் கால் பார்த்து வைத்து வைத்துப் போவாள்.

பெண்ணுக்குப் படிப்பு அதிகம் என்று கல்யாணத்திலேயே என் பக்கத்துச் சொந்தங்கள் முணுமுணுத்தார்கள். எதைப் பார்த்து எனக்குக் கொடுத்தார்கள் என்று மாமனாரிடம் நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

அவளுக்கு நாற்பது நெருங்கும் சமயம். புதிதாக ஒரு முதுகலைப் படிப்பு தொடங்குகிறார்கள், உத்தியோகத்தில் இருப்பவர்களும் சேரலாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். பப்ளிக் பாலிசி. பொதுக் கொள்கை என்று தமிழில் சொல்லலாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அது என்னவென்று கேட்டேன்.

"கவர்மென்டு ஒரு தீர்மானம் எடுக்குது இல்லியா. எடுக்கதுக்கு முந்தி யாரைக் கேட்டாங்க, எடுத்த பிறகு அது யாருக்குப் போய்ச் சேந்துது. அதைப் படிக்கது."

"சேராமப் போனா?"

"அதுதான் முக்கால்வாசி பாடமே."

சேர்ந்தாள். எங்கள் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மகள் கணக்குப் போடுவாள், மறு முனையில் அம்மா ஆங்கிலப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுவாள். நடுவில் நான் வெண்டைக்காய் நறுக்குவேன். ரேடியோ போட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். விஷயம் அவர் காதுக்குப் போனதும் கல்லாவிலிருந்தே கேட்டார். "என்னவே, நீரு பில்லு எழுதுதீரு. வீட்டுல அவுக பரீட்சை எழுதுதாக. எழுத்துக் குடும்பமாயிட்டீரே?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

என் கூச்சத்தைப் பற்றி

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாண வீட்டில் நான் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். பரிமாறுகிறவர்களுக்கும் அதற்குள் பேசும் தெம்பு போயிருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் மீதி கொடுக்க மறந்தால் கேட்காமல் இறங்கிவிடுவேன். தெரிந்தவர் எதிரே வந்தால் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல நடப்பேன். பெண் பார்க்கப் போனபோது பகவதியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் கால்விரலைத்தான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவனைத்தான் அவள் ஆய்வுக்குத் துணையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

மலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

இரண்டாம் வருடம் ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும். மலைத் தோட்டம் ஒன்றில், தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரே ஆசிரியரோடு ஒரு சின்ன அரசுப் பள்ளி இருந்தது. அப்படிப்பட்ட பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும்போது பெற்றோருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்கிறார்களா? இதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஆபீஸில் படிப்பு விடுமுறை வாங்கியிருந்தாள். தொழிலாளிகள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். எனக்கும் அன்றுதான் கடை லீவு.

தம்பானூரில் விடியற்காலை பஸ் ஏறினால் நெடுமங்காடு தாண்டி விதுரா. அங்கிருந்து ஜீப். அதற்கப்புறம் நடை. வழியில் யானை வரும் என்று ஜீப்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதன் பிறகு பகவதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். சிறு கிளை ஒடிந்தாலும் பிடி இறுகும்.

லயத்தில் வீடு வீடாகப் போவோம். வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு லயம் என்று பெயர். பகவதி கேள்வி கேட்டு எழுதுவாள். நான் பெஞ்சு ஓரத்தில் ரெக்ஸின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன் பையில் பேனா. எனக்கிருந்த நல்ல உடுப்பு அதுதான். அவள் கை நீட்டினால் பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்துக் கொடுப்பேன். மற்றபடி தரையைப் பார்ப்பேன்.

எல்லா வீட்டிலும் பால் விடாத கட்டஞ்சாயா தந்தார்கள். பகவதிக்கு ஸ்டீல் டம்ளர். எனக்குக் கண்ணாடி கிளாஸ், அதற்கடியில் ஒரு பீங்கான் தட்டு. ஆண் என்பதால் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். நான் எழுந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதையும் தோட்டத்து மரியாதை என்றே எடுத்துக்கொண்டோம்.

பதில்கள் அருமையாக வந்தன. எந்த வீட்டில் கேட்டாலும் பிள்ளைகள் மேலே உள்ள பள்ளியில்தான் படிக்கிறார்கள், தமிழில்தான் படிக்க வேண்டும், வாத்தியார் தங்கமானவர். பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தியும் காட்டினார்கள். தலையில் எண்ணெய் வைத்து வாரிய பிள்ளைகள். பகவதிக்கு ஒரே சந்தோஷம். மூடுகிற நிலையில் இருக்கும் என்று நினைத்துப் போன பள்ளி இப்படி நிறைந்து நிற்கிறதே என்று பாதி ஆய்வை எழுதியும்விட்டாள்.

டிபன் பாத்திரத்தை மறந்த நாள்

நாங்கள் போக நினைத்திருந்த கடைசி ஞாயிறு. வேலை முடிந்து ஜீப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். செல்லம்மா வீட்டில் டிபன் பாத்திரத்தை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. செல்லம்மா கொழுந்து பறிக்கிறவர், லயத்தில் அவர் சொன்னால் ஏழெட்டு வீடு கேட்கும். மழை தூறியதால் குறுக்கே, லயத்தின் பின்பக்கமாகத் திரும்பினோம்.

பின்கட்டில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். பச்சை ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நின்னு நின்னு காலு வலிக்கி. செல்லம்மா அத்தை வீட்டுல மட்டுந்தான் முறுக்கு கெடச்சுது."

"எங்க வீட்டுல ஒன் பேரு என்னன்னு சொன்னே?"

"மறந்துபோச்சு. எல்லா வீட்டுலயும் வேற வேற பேருல்லா."

உள்ளே செல்லம்மாவின் குரல் கேட்டது. "அந்த ஊமை ஆபீஸர் இறங்கிட்டாரான்னு ஒருத்தி போய்ப் பாருங்கடி. பேசுத ஆபீஸரைக்கூட நம்பலாம். பேசாம எழுத வைக்கவன் பொல்லாதவன்."

சொல்லிக்கொண்டே வெளியே வந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிள்ளைகள் எப்படி மறைந்தார்கள் என்றே தெரியவில்லை. பகவதி, "பாத்திரத்தை மறந்துட்டோம்" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். கழுவி வைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேரளத்தில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் தலையெண்ணல் உண்டு. கணக்குக் குறைந்தால் ஆசிரியர் வேலை போகும், சில சமயம் பள்ளிக்கே ஆபத்து வரும். அதனால் எண்ணுகிற நாளில் எங்கிருந்தாவது பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதும் அங்கங்கே நடக்கும். லயத்துக்காரர்கள் என்னை வீட்டுக்கே தலையெண்ண வந்த ஆபீஸர் என்றும், பகவதியை எனக்கு எழுதிக் கொடுக்க வந்த கிளார்க் என்றும் முடிவு செய்திருந்தார்கள். இருந்த கொஞ்சம் பிள்ளைகளை எங்களுக்கு முன்னால் வீடு வீடாக ஓடவிட்டிருந்தார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தது எனக்குத் தெரியவில்லை. பகவதி எழுத்தில் மூழ்கியிருந்தாள்.

பஸ்ஸில் அவள் என்னைப் பார்த்தாள். "ஊமை ஆபீஸர்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். நெடுமங்காடு வரும்போது சிரிப்பு அழுகையாக மாறியிருந்தது.

"எழுதினது ஒண்ணுக்கும் ஆகாது, கேட்டியளா. ஒரு வீட்டுலயும் எனக்கு உண்மை கிடைக்கல்ல."

டீச்சர் சொன்னது

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி ஒரு மலையாள டீச்சர். அங்கே கல்லூரிப் பேராசிரியையும் டீச்சர்தான். பகவதி எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். பிறகு, "இதே கொடுத்தாலும் நீ பாஸ் ஆகும். யாரும் மலை கேறிப் போய் நோக்கப் போறதில்லை. பக்ஷே, நீ அறிஞ்சு போயில்லே?" என்றாராம். ஆனால் உனக்குத் தெரிந்துவிட்டதே என்று அர்த்தம்.

தெரிந்தே பொய்யைக் கொடுக்க பகவதிக்கு மனம் இல்லை. விடுமுறையோ அந்த மாதத்தோடு முடிகிறது. தவணை நீட்டிக் கிடைக்காது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால் மறுபடி லீவு தர மாட்டார்கள். இப்போது முடித்தால் உண்டு.

"நீ மட்டும் போ," என்றேன். "நான் விதுராவில் சாயாக் கடையில் இருக்கேன். என்னாலதானே இவ்வளவும்."

"நீங்க வராட்டா ஆபீஸர் கீழ நின்னு ஆளனுப்பியிருக்காருன்னு நினைப்பாங்க. வந்து அவங்க முன்னால நின்னு பேசணும். வீடு வீடா இல்ல. எல்லாரும் இருக்கப்ப."

எல்லோரும் சேர்ந்து இருக்கும் இடம் எடைக் கொட்டகைதான். முதலாளியிடம் லீவு கேட்டேன். எதற்கென்று கேட்டார். பேச வேண்டியிருக்கிறது என்றேன். "யாரு, நீரா?" என்றார்.

கொட்டகையில்

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் ஆபீஸர் இல்ல," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "வாற ஆபீஸர் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றது.

"பின்ன யாரு சாரே?" என்று கேட்டார் செல்லம்மா.

"இவ வீட்டுக்காரன். ஆரியசாலையில பாத்திரக் கடையில பில் எழுதுதேன். இவதான் படிக்கா. எம்.ஏ."

"பொண்டாட்டி படிக்க, வீட்டுக்காரரு பை தூக்கவா? இது எந்த ஊரு வழக்கம்?"

சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை. செல்லம்மா பையைக் காட்டினார். "அதுல என்ன இருக்கு?"

பையைத் திறந்து பெஞ்சில் கொட்டினேன். வெள்ளைத் தாள். அட்டைக்கு உப்புப் பொட்டலம். பஸ்ஸில் பகவதிக்குத் தலை சுற்றும் என்பதால் எலுமிச்சம்பழம். மழையில் நனைந்தால் மாற்ற அவளுடைய ரப்பர் செருப்பு, ஒரு பக்கத்து வார் கம்பியால் கட்டியது.

செல்லம்மா செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் ஏன் வாயைத் திறக்கல்ல?"

"எனக்குப் பேச வராது. இவளுக்கு யானைன்னா பயம். எனக்கு மனுஷங்கன்னா பயம். அதான் ரெண்டு பேரும் சேந்து வாறோம்."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் கொட்டகை முழுக்கச் சிரித்தது. எடை போடுகிறவர் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் பகவதியிடம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உண்மையைச் சொன்னா ஸ்கூலு போயிருமா?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக வரவில்லை. பகவதி பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"இதை யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு சொன்னா நீங்க தைரியமாச் சொல்லுவீங்க. ஆனா வாசிக்கணும்னுதான் நான் எழுதுதேன். உங்க பேரு வராது. தோட்டத்துப் பேரும் வராது. அதுக்கு மேல என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மழை தகரத்தில் விழுந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் செல்லம்மா, "சொல்லுதோம். ஆனா நீ எழுதினதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். அதுக்குப் பிறகு கொண்டுபோய்க் குடு" என்றார்.

அந்தத் தோட்டத்தின் பெயரை இன்றும் நான் எழுதாமல் விடுவது அதனால்தான்.

அடுத்த ஞாயிறு எனக்கும் ஸ்டீல் டம்ளரில் சாயா வந்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் கீழே விடுதியில் தங்கி மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். வேலை கிடைக்க வேண்டுமே. பிறகு ஏன் மேலே பள்ளி வேண்டும் என்று பகவதி கேட்டாள். செல்லம்மா சொன்னார்: "ஸ்கூலு இருக்கதுனாலதான் வாத்தியாரு வாறாரு. சொட்டு மருந்து அங்கதான். ஓட்டுப்பெட்டி அங்கதான். அதைப் பூட்டிட்டா இந்த மலையில ஆளு இருக்குன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

வாசித்துக் காட்டியது

பகவதி இரவு பகலாக ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் எனக்குச் சொல்லுவாள், நான் எழுதிக்கொள்வேன். மகள் சோறு வடித்தாள். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினோம். தமிழ் வாசிக்கிறவன் நான்தான் என்பதால் நானே வாசிக்க வேண்டியதாயிற்று.

முதல் பக்கத்தை எனக்கே கேட்காத குரலில் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் யாரோ, "கொஞ்சம் சத்தமா அண்ணாச்சி" என்றார்கள். சத்தமாக வாசித்தேன். நான் 'சார்' ஆக இல்லாமல் போனது அப்போதுதான் உறைத்தது.

ஓரிடத்தில், 'பெற்றோர் இந்தப் பள்ளியை விரும்புகிறார்கள்' என்று வந்தது. செல்லம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"விரும்பல்ல. வேணும்னு போடு. விரும்புதது வேற, வேணுங்கது வேற."

பகவதி அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வைக் கொடுத்தாள். பிறகு வாய்மொழித் தேர்வு. வெளியே வராந்தாவில் நான் நின்றிருந்தேன். பதில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்று எப்படித் தெரியும் என்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டாராம். முதலில் எல்லோரும் பொய்தான் சொன்னார்கள் என்று ஆரம்பித்தாளாம். உள்ளே சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்தவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பாஸ்.

கடைக்கு வந்த போன்

பள்ளிகள் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். கடையில் போன் அடித்தது. முதலாளி எடுத்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். "உமக்குத்தான்வே. யாரோ பொம்பளை. அண்ணாச்சி இருக்காரான்னு கேக்கா."

விதுரா பூத்திலிருந்து செல்லம்மா பேசினார்.

"அண்ணாச்சி, நிஜ ஆபீஸர் வந்துட்டுப் போனாரு. நல்லாப் பேசுதாரு. முறுக்கும் தின்னாரு. இந்த வருஷம் ஸ்கூலு இருக்கு. பகவதியம்மைக்கிட்டச் சொல்லணும்."

கடையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் சத்தமாகவே கேட்டேன்.

"நல்லதாப் போச்சு. எத்தனை பிள்ளைங்க இருந்தாங்க?"

அந்தப் பக்கமிருந்து மழைச் சத்தத்தோடு பதில் வந்தது.

"அது ஆபீஸர் கேக்க வேண்டிய கேள்வி. ஒங்களுக்கெதுக்கு?" என்றார் செல்லம்மா.